சத்யப்பிரியாவின் பாம்புச்செவி

“இந்தப் பொண்ணுக்கு பாம்புச்செவி மேடம்!”

ஸ்ரீமுஷ்ணம் ரோட்டு டீக்கடையில் கிளாஸை ஆற்றிக்கொண்டே பாலகுமார் இதைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த சத்யப்பிரியா வாய்க்குக் கொண்டுபோன கிளாஸைக் கீழே இறக்கிவிட்டாள். பாம்புச்செவி என்பது அவளுடைய பட்டம். பத்து வருஷத்துக்கு முன்னால் அதை அவளுக்குக் கொடுத்தவரும் இதே பாலகுமார்தான். கொடுத்த கையாலேயே பிடுங்கி, போன தையில் வந்து சேர்ந்த சுவேதாவின் தலையில் சூட்டுகிறார், மனுஷன். அதுவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல.

“ஆமாம், சின்ன வயசு இல்லையா” என்றாள் சத்யப்பிரியா. சிரிக்கவும் சிரித்தாள். முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம் என்று சும்மாவா சொன்னார்கள்? வயிறு எரிந்தது. படித்தவளாயிற்றே, இதற்கு ஏதாவது கௌரவமான பெயர் இருக்குமா என்று அவளும் தேடித்தான் பார்த்தாள். கிடைக்கவில்லை. பொறாமைக்குப் பொறாமை என்றுதான் பெயர்.

அவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். பாலகுமார் திருப்பாதிரிப்புலியூரில் ரைஸ் மில் வைத்திருப்பவர். சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் பெரிய கரம்பு. ஊருக்கு அது மேய்ச்சல் நிலம். காரில் போகிறவர்கள் கண்ணுக்கு வெறும் பொட்டல். ஆனால் புல்லிலேயே கூடு கட்டி, புல்லிலேயே குஞ்சு பொரித்து, மரக்கிளை என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிற குருவிகளுக்கு அதுதான் உலகம். ஒவ்வொரு ஆவணியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியும்போது இருவரும் ஒரே பாதையில் நடப்பார்கள். நட்டு வைத்த கற்களுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் அவள் சொல்ல, அவர் எழுதுவார். மில் இரைச்சலிலேயே காலம் தள்ளியவருக்குக் காது சுமார். அதனால் சொல்வது எப்போதும் அவள்தான்.

ஒரு வருஷக் கணக்கை வைத்து ஒன்றும் பேச முடியாது, மழை கூடினால் குருவி கூடும், குறைந்தால் குறையும் என்பாள் அவள். வருஷக்கணக்காக ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே மாதிரி எண்ணினால்தான் நிலத்துக்கு என்ன ஆகிறது என்று புரியும் என்று மேடைக்கு மேடை சொல்வாள். அந்த ‘ஒரே ஆள்’ என்ற இடம் வரும்போது குரல் கொஞ்சம் உயரும்.

அப்படி எண்ணியதில்தான் கதிர்க்குருவி குறைவது தெரிந்தது. கட்டைவிரல் அளவுக் குருவி அது. புல்லுக்குள் ஒளிந்தே கிடக்கும். ஆண்குருவி மட்டும் அவ்வப்போது வானத்தில் ஏறி, எம்பி எம்பிப் பறந்துகொண்டே, ஒவ்வொரு எம்பலுக்கும் ‘ட்சிப்’ என்று ஊசி குத்துவது போல ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தலை நிமிரும், தலை நிமிர்ந்தால்தான் குருவி தெரியும். முதல் சில வருஷங்களில் கரம்பெல்லாம் அதுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆடு ஜாஸ்தியாகிப் புல் நிற்பதில்லை, அதுதான் காரணம் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் காட்டிய கோட்டுப்படத்தைப் பார்த்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் ஊராட்சித் தலைவர் தில்லையம்மாள் வடக்குப் பாதியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக்கொடுத்தார்.

வேலிக்குள் புல் இடுப்புயரம் வளர்ந்தது. குட்டையான புல்லும் வெறுந்தரையும் இருந்தால்தான் கூடு கட்டுகிற வானம்பாடிகள் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டன. கதிர்க்குருவியோ திரும்பி வரவில்லை. பாதி வேலி போதவில்லை, முழுக் கரம்பையும் அடைத்துவிட வேண்டும் என்று இந்த வருஷம் அவள் எழுதியிருந்தாள். புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். அவள் சொன்னால் நடக்கும். அந்த நிலத்தைப் பற்றி அவள் சொல்லி நடக்காமல் போனதே இல்லை.

இந்த நேரத்தில்தான் சுவேதா வந்து முளைத்தாள். கடலூர் முதுநகரில் இருக்கும் சார்லஸ் என்பவரின் மகள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரமெல்லாம் குருவி. இந்த ஆவணியில் தனியாக ஒரு பாதையில் நடந்து எண்ண அவளை விட்டார்கள். முதல் ஞாயிறே அவள் கணக்கில் கதிர்க்குருவி ஏராளமாக வந்தது. வேலிக்குள்ளும் வந்தது, வேலிக்கு வெளியே ஆடு மேய்ந்த குட்டைப் புல்லின் ஓரங்களிலும் வந்தது.

“புதுசா வர்றவங்களுக்கு ஆர்வக்கோளாறு இருக்கும். ஒரே குருவியை நாலு தடவ எண்ணிடுவாங்க” என்று பாலகுமாரிடம் சத்யப்பிரியா அன்றைக்குப் பெருந்தன்மையாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே வந்தது. பெருந்தன்மை தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஐம்பத்து மூன்று வயதுப் பேராசிரியை செய்ததையெல்லாம் கேட்டால் எல்.கே.ஜி. பிள்ளைகள் சிரிக்கும். சுவேதாவைக் கருவேலம் முள் அடர்ந்த, நாய்கள் துரத்துகிற மூலைக்கு மாற்றினாள். குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தப் பெண் போட்ட அருமையான படங்களுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. பாலகுமார் எடுத்த, வால் மட்டும் தெரிகிற மைனாவுக்கு மூன்று கைதட்டல் போட்டாள். “மேடம், தொண்டைக்கு நல்லதுன்னு அம்மா சுக்குக் காப்பி குடுத்துவிட்டாங்க” என்று சுவேதா பிளாஸ்க்கை நீட்டியபோது, “எனக்கு அசிடிட்டிம்மா” என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே கடை டீ இரண்டு வாங்கிக் குடித்தாள். சுவேதாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. முள் மூலையிலிருந்து கால் கீறிக்கொண்டு வந்து, “அங்க சூப்பர் மேடம், காடை குடும்பமா இருக்கு” என்றாள். அது இன்னும் எரிந்தது.

இப்போது பாம்புச்செவிப் பட்டமும் போயிற்று. போதாக்குறைக்குப் பாலகுமார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “புதன்கிழம கூட்டத்துல சுவேதா கணக்கையும் காட்டிடலாமா மேடம்? ரெண்டும் ரொம்ப இடிக்குது. நாமளே சொல்லிட்டா நல்லது” என்றார்.

“இடிக்கத்தான் செய்யும். இருக்கறத எண்ணினா ஒரு கணக்கு, இல்லாதத எண்ணினா ஒரு கணக்கு.”

“அந்தப் பொண்ணு கதை விடுதுங்கறீங்களா?”

“நான் எதுவும் சொல்லல சார். சோதிச்சுப் பாத்துடலாம். இன்னிக்கே.”

பாலகுமாரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, ரோட்டோரம் நின்றிருந்த சுவேதாவை மட்டும் கூட்டிக்கொண்டு மறுபடி கரம்புக்குள் போனாள். வழியெல்லாம் சத்யப்பிரியாவுக்கு ஒரே குஷி. பிடித்துவிடலாம், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அழுவாள் பெண், தட்டிக்கொடுத்து, ‘பரவால்லம்மா, பழகிக்கணும்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் குரலைக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

பாதை நடுவில் நட்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சத்யப்பிரியா பைனாகுலரால் புல்வெளியைத் துழாவினாள். கொஞ்ச நேரம் பொறுத்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கதிர்க்குருவி வானத்தில் ஏறியது. அவள் எதிர்பார்த்த தொலைவுதான். இவ்வளவு தூரத்தில் அது கத்துவது அவளுக்கே கேட்கவில்லை, சுவேதாவுக்கு எங்கே கேட்கப் போகிறது?

“அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா. துப்பட்டாவக் கண்ணுல கட்டிக்கோ.”

“பரீட்சையா மேடம்?” சுவேதா சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

“கதிர்க்குருவி சத்தம் கேக்கறப்பல்லாம் ஒரு வெரலத் தூக்கணும். கேக்கலன்னா சும்மா நிக்கணும். ஊகிக்கக் கூடாது.”

குருவி எம்பியது. சுவேதாவின் விரல் உயர்ந்தது.

குருவி தாழ்ந்து மறுபடி எம்பியது. விரல் மறுபடி உயர்ந்தது. குருவி எம்ப எம்ப, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணின் விரல் நூல் கட்டி இழுத்தது போல உயர்ந்து தாழ்ந்தது. குருவி சட்டென்று புல்லுக்குள் இறங்கியது. விரல் நின்றுவிட்டது. சத்யப்பிரியா தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். இப்போது தூக்குவாள், பழக்கத்தில் ஒரு தடவையாவது தூக்கிவிடுவாள் என்று வேண்டிக்கொண்டு நின்றாள். விரல் அசையவில்லை.

பிறகு இன்னொரு குருவி, மிகப் பக்கத்தில், அவர்கள் தலைக்கு நேர் மேலேயே கிளம்பியது. பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு எம்பலுக்கும் அலகு திறந்து மூடியது. சுவேதாவின் விரல் அதற்குத் தாளம் போட்டது. சத்யப்பிரியா இரண்டு கையையும் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டாள். தூரத்தில் ஆள்காட்டிக் குருவி கத்தியது கேட்டது. விருத்தாசலம் பஸ் ஹாரன் கேட்டது. காத்தவராயன் தன் ஆடுகளை ‘ஹேய், ஹேய்’ என்று ஓட்டுவது கேட்டது. தலைக்கு மேலே வாயைத் திறந்து திறந்து கத்துகிற குருவி மட்டும் கேட்கவில்லை. அது ஊமைப் படம் மாதிரிப் பறந்துகொண்டிருந்தது.

வயதானால் கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும். அதை அவள் வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். தனக்கு வயதாகும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

எண்ணியது ஒரே ஆள்தான். ஒரே காது இல்லை. கரம்பில் குருவி குறையவே இல்லை. அவளுக்குள் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவைப் படமாக வரைந்து காட்டி, ஆட்டை விரட்டி, வேலி போட்டு, அங்கே நன்றாக இருந்த வானம்பாடியையும் துரத்தியாகிவிட்டது. இனி மிச்சப் பாதியையும் துரத்தப் போகிறாள். இவ்வளவும் அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது.

“கண்ணத் தொறக்கலாமா மேடம்? சரியா?”

சுவேதா இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவள் குருவியைப் பார்க்கவில்லை. பாலகுமார் டீக்கடையில் இருக்கிறார். அந்த விரல் சரியா தப்பா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

“ஒண்ணுகூட சரியில்லம்மா” என்றாள் சத்யப்பிரியா.

சுவேதா துப்பட்டாவை அவிழ்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. “நெஜமாவா மேடம்? எனக்கு நல்லா கேட்டுச்சே… ரெண்டு குருவி… ஒண்ணு நம்ம தலைக்கு மேலயே…”

“பரவால்லம்மா. பழகிக்கணும்.” ஒத்திகை பார்த்த குரல் அப்படியே வந்தது.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் ஜெயித்தவளுக்குச் சிதம்பரம் வரைக்கும் ஸ்கூட்டரை ஓட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கணவர் தேவநாதன், “வாஷிங் மெஷின் அரை மணியா பீப் பீப்னு அடிச்சு உயிர வாங்குது, அத வந்து அணைக்கக் கூடாதா?” என்று கத்தினார். அவள் மெஷின் எதிரே போய் நின்றாள். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. சத்தம் எதுவும் வரவில்லை. இந்த மெஷின் வாங்கிய நாளிலிருந்து, அது விளக்கு மட்டும் மின்னுகிற மெஷின் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதாவது போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடையில் ஏறி நின்ற பத்து வருஷத்தை ஒரு போனில் இறக்கி வைக்க மனசு வரவில்லை. அதிலும் யாரிடம் இறக்கி வைப்பது? அந்தக் கொம்பு முளைத்த பெண்ணிடமா?

புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தில்லையம்மாள் நடு நாற்காலியில். ஆடு வளர்ப்பவர்கள் சார்பில் காத்தவராயன் கதவோரம். பாலகுமாருக்குப் பக்கத்தில் சுவேதா, மடியில் கையை வைத்துக்கொண்டு.

“டீச்சரம்மா சொன்னா வேலி போட்ற வேண்டியதுதான். இன்னா காத்தவராயா?” என்றார் தில்லையம்மாள்.

“நான் இன்னாத்தச் சொல்றது தலைவரம்மா” என்றான் காத்தவராயன். “பாதிய அடச்சப்பவே பாதி ஆட்ட வித்துட்டேன். மீதியையும் அடச்சிட்டா மீதியையும் விக்கணும். குருவி இல்லன்னு படிச்சவங்க சொல்றாங்க. எனக்கு தெனம் கேக்குது. எனக்குக் கேட்டு இன்னா ஆவப்போவுது?”

பாலகுமார் தொண்டையைச் செருமினார். “மேடம், சுவேதா கணக்கு ஒண்ணு இருக்கு. அதுலயும் கதிர்க்குருவி…”

“வேணாம் சார்.” சுவேதா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. “என் கணக்க எடுத்துடுங்க. நான் எழுதினது தப்பு. மேடம் டெஸ்ட் வெச்சாங்க, ஒண்ணுகூட சரியா வரல. எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுபோல. ஞாயித்துக்கிழமைலேர்ந்து காலையில ஜன்னல்ல குருவி கத்தினாக்கூட, இது நெஜமா இல்லியான்னு அம்மாவக் கேக்கறேன். நான் இனிமே எண்ண வரல. மேடம் காது தப்பாவாது. அவுங்க சொல்றபடி வேலி போட்டுடுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தில்லையம்மாள் தீர்மானத் தாளைச் சத்யப்பிரியா பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடுங்க டீச்சரம்மா.”

சத்யப்பிரியா பேனாவைத் திறந்தாள். பட்டம் திரும்பி வந்துவிட்டது. கேட்காமலே, தானாக நடந்து வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டால் செத்த பிறகும் அது அவளுடையதுதான். அதற்கு விலை காத்தவராயனின் மீதி ஆடும், மீதி வானம்பாடியும், நல்ல காது இரண்டை வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்கிற இந்தப் பெண்ணும். அவள் சுவேதாவைத் திரும்பிப் பார்த்தாள். சுவேதா அவளைக் கோபமாகப் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினாள்.

“வேலி வேணாம். இருக்கற வேலியையும் பாதிக்கு மேல பிரிச்சுடுங்க. ஆடு மேயற எடமும் வேணும், புல்லு நிக்கிற எடமும் வேணும். கதிர்க்குருவி எங்கயும் போவல. எனக்குத்தான் அது கேக்கல. எத்தன வருஷமாக் கேக்கலன்னும் தெரியல.”

பாலகுமார் தன் பத்து வருஷக் கையெழுத்தையெல்லாம் மனசுக்குள் புரட்டுகிறவர் போல வாயைத் திறந்தபடி இருந்தார்.

“அப்ப அன்னிக்கு டெஸ்ட்?” என்று கேட்டார்.

“அத்தனையும் சரி. ஒரு எடத்துலகூட தப்பல.”

“பின்ன ஏன் டீச்சரம்மா அந்தப் புள்ளகிட்ட தப்புன்னு சொன்னீங்க?” இது தில்லையம்மாள்.

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். உறுதி செய்துகொள்ள நேரம் வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு நல்ல நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன.

“பொறாம” என்றாள் சத்யப்பிரியா. “வேற இன்னா?”

காத்தவராயன் ஆட்டை மறந்து அவளையே பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சத்யப்பிரியா சுவேதாவுக்காகக் காத்திருந்தாள். திட்டட்டும், எழுந்து போகட்டும், எல்லார் எதிரிலும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும். அப்படிக் கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துபோகும் என்று அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது.

சுவேதா நாற்காலி நுனிக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் முகம் மெல்ல மலர்ந்துகொண்டே வந்தது.

“அப்ப எனக்கு நெஜமாவே கேட்டுச்சா மேடம்?”

“கேட்டுச்சும்மா. எல்லாமே கேட்டுச்சு.”

சுவேதா இரண்டு கையாலும் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். அவளிடம் கோபமே இல்லை. தேடிப் பார்த்தாலும் இல்லை. காதைக் கொடுத்த கடவுள் இந்த மனசையும் இவளுக்கே கொடுத்துவிட்டானே என்று நினைத்தபோது, சத்யப்பிரியாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.